காலுறையைத் தேடும் பாட்டு

ஓய்வு பெற்ற இசை ஆசிரியையை யாரும் சும்மா தேடுவதில்லை. கீபோர்டின் வயர் எங்கே கிடக்கிறது, அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கத்தான் தேடுவார்கள். துபாயில் நான் வேலை செய்த பள்ளியில் இப்போது என் இடத்தில் இருப்பவள் காவ்யா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. போன மாதம் அவள் அனுப்பிய குரல் செய்தியையும் அப்படி நினைத்துத்தான் திறந்தேன்.

“மிஸ், நல்லாருக்கீங்களா? இங்க கிரேட் ஒன்ல மறுபடியும் ஹீப்ரு பேசற குழந்தைங்க சேர்ந்திருக்காங்க. நீங்க முன்னாடி ஒரு ஹீப்ரு பாட்டு சொல்லிக் குடுத்தீங்களாமே, பஸ்ல வர்ற செல்வியக்கா சொன்னாங்க. அது எப்படிங்க மிஸ்? கொஞ்சம் பாடி அனுப்ப முடியுமா?”

நான் இப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மூன்றாம் மாடி பிளாட்டில் இருக்கிறேன். அக்காவும் தம்பிமாரும் டொரண்டோவில். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் நாலு பேரோடு கதைப்பேன். மற்ற நாட்களில் பால்காரனுக்குச் சொல்லும் ஒரு வார்த்தையோடு என் குரலுக்கு விடுமுறை. காவ்யா கேட்டதும் உடனே பாடி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு வெறும் மெட்டும் சொல்லும் மட்டுமில்லை. அதனால் முதலில் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்தேன். தவறான சுரத்தில் விரல் விழுந்தால் ரூலரால் அந்த விரலில் மட்டும் அடிப்பார்கள், அவ்வளவு துல்லியம். பிறகு கொழும்பில் படிப்பித்தேன். சண்டை, செக்பொயின்ட், அக்காவின் கனடாப் பயணம் எல்லாம் முடிந்து பார்த்தபோது வீட்டில் நான் மட்டும் மிஞ்சியிருந்தேன். துபாய்ப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. ஷார்ஜாவில் ஒரு அறை, காலையிலும் மாலையிலும் டிராஃபிக், நடுவில் சின்னப் பிள்ளைகள். கலியாணம் கட்டாதவளுக்கு இது போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் ஜூனியர் பள்ளியின் தலைவி ஹாலா. பலஸ்தீனக் குடும்பம். தாத்தா இப்போது இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபா நகரத்துக்காரர். ஹாலா பிறந்தது குவைத்தில், வளர்ந்தது அம்மானில், ஹைஃபாவைக் கண்ணால் கண்டதில்லை. உயரமான பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ‘சரி’ என்பதைத் தன் அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். ‘வேண்டாம்’ என்பதை நடந்துகொண்டு சொல்வார். “வாருங்கள், என்னோடு கொஞ்சம் நடங்கள்” என்று கதிரையை விட்டு எழுந்தாரென்றால் பதில் எங்களுக்குத் தெரிந்துவிடும். கூடைப்பந்துத் திடலைச் சுற்றி ஒருமுறை போய் வருவதற்குள் உங்கள் திட்டம் செத்துப்போயிருக்கும். முகத்துக்கு நேரே மறுக்க அவருக்கு மனம் வராது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

மேடையில் பாடும் எந்தப் பாட்டையும் முதலில் அவரிடம் கொண்டுபோக வேண்டும். மூல மொழியில் வரிகள், ஆங்கில மொழிபெயர்ப்பு, எதற்காகப் படிப்பிக்கிறோம் என்று ஒரு பத்தி. முதலில் அவர் அந்தத் தாளைத் தொடவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பாடுங்கள்” என்பார். பாடி முடிக்கும்வரை மேசையில் ஒரு விரல் தாளம் போட்டால் பாதி வெற்றி. அதன் பிறகுதான் வாசிப்பு, கேள்வி, கையெழுத்து எல்லாம்.

அமீரகமும் இஸ்ரேலும் உறவு வைத்துக்கொண்டு, விமானங்கள் நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகு, தமார் எங்கள் பள்ளிக்கு வந்தாள். கிரேட் ஒன். சுருட்டை முடி. தகப்பனுக்கு ஜெபல் அலியில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் சம்பந்தமான வேலை. பிள்ளைக்கு ஹீப்ருவைத் தவிர ஆங்கிலமும் வராது, அரபும் வராது. வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. வகுப்பாசிரியை பயந்துபோய் டாக்டரிடம் காட்டச் சொன்னார். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிள்ளை பேசவில்லை, அவ்வளவுதான்.

இசை அறையில் கம்பளம் விரித்திருப்பதால் பிள்ளைகள் சப்பாத்தையும் காலுறையையும் வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள். வகுப்பு முடிந்து எல்லாரும் ஓடிய பிறகு தமார் மட்டும் உட்கார்ந்து மெல்ல மெல்லக் காலுறை போடுவாள். ஒருநாள் நான் கீபோர்டை மூடிக்கொண்டிருந்தபோது அவள் முனகுவது கேட்டது. சின்ன மெட்டு, ஏறி ஏறி வந்து நிற்பது. இடையில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன: ‘எய்ஃபோ ஹகெரெவ்’.

ஹீப்ரு, எங்கள் வாயில் எபிரேயம், என்றால் எனக்கு வேதாகமம். அல்லேலூயாவும் ஓசன்னாவும் ஆமெனும் நான் பிறந்த நாள் முதல் வாயில் புழங்கிய சொற்கள். இது ஏதோ சங்கீதம், தாய் இரவில் சொல்லிக் கொடுத்த ஜெபம் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அறைக்குப் போய் மெட்டை எழுதினேன். வேகத்தைக் குறைத்தேன், கீழ்க்குரல் சேர்த்தேன், கடைசியில் ஒரு ஆமென் வராத குறைதான். வகுப்புக்குள் முனகிப் பார்ப்பதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அடுத்த வகுப்பில் எல்லாரையும் எழுப்பி வரிசையில் நிறுத்தி, கைகளைக் கூப்பச் சொன்னேன். பிள்ளைகள் மெட்டை முனக, நான் கண்களை மூடிக்கொண்டு, கோயிலில் குருத்தோலைத் திருநாளுக்குப் பாடுவதுபோல, “எய்ஃபோ ஹகெரெவ்…” என்று இழுத்தேன்.

ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் தமார் கம்பளத்தில் விழுந்து புரண்டு சிரிக்கிறாள். மூச்சு முட்டச் சிரிக்கிறாள். ஏனென்று தெரியாமலே மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கூப்பிய கையோடு நான் மட்டும் நின்றேன். பிறகு அவள் எழுந்து வாசலுக்கு ஓடி, ஒரு காலுறையை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் வாசல் கேட்டடியில் அவளுடைய தாயிடம் விசாரித்தேன். நான் பாடிக் காட்டியதும் அந்தப் பெண் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மிஸ், அதன் அர்த்தம் ‘காலுறை எங்கே’. காலையில் இவளைப் பள்ளிக்கு அவசரப்படுத்த நானே கட்டிய பாட்டு. நீங்கள் அதை ஜெபமாக்கிவிட்டீர்கள்!” என்றார்.

பாட்டு இதுதான். ஒருவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். காலுறை எங்கே, தலையிலா? எய்ஃபோ ஹகெரெவ், அல் ஹரோஷ்? பிள்ளைகள் தலையைத் தொட்டுப் பார்த்து, “லோ!” என்பார்கள், இல்லை என்று. கையிலா, அல் ஹயாத்? லோ! காதிலா, அல் ஹஓசென்? லோ! கடைசியில் காலிலா, அல் ஹரேகெல்? அப்போது எல்லாரும் காலைத் தூக்கி, “கேன்!” என்று கத்த வேண்டும், ஆமாம் என்று.

சொற்களோடு படிப்பித்த முதல் வகுப்பிலேயே மர்யம் என்ற எகிப்தியச் சிறுமி கையை உயர்த்தினாள். “மிஸ், யாத் எங்களுடைய சொல்! நாங்களும் கையை யாத் என்றுதான் சொல்வோம்.” பிறகு வேட்டை தொடங்கியது. தலைக்கு ரோஷ், அரபில் ராஸ். காதுக்கு ஓசென், அரபில் உதுன். காலுக்கு ரேகெல், அரபில் ரிஜ்ல். இல்லை என்பதற்கு லோ, அரபில் லா. பிள்ளைகளுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. தமாரைச் சுற்றி உட்கார்ந்து, மூக்குக்கு என்ன, முழங்காலுக்கு என்ன என்று குடைந்தெடுத்தார்கள். வாய் திறக்காத பிள்ளை அன்று பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள்.

பாட்டை ஹாலாவிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல, “பாடுங்கள்” என்றார். பாடினேன். விரல் தாளம் போடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் மேசைக்கு அடியிலிருந்து தன் காலை மெல்ல வெளியே நீட்டி, “ரிஜ்ல்” என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல.

“என் தாத்தா இந்த மொழி பேசுவாராம், மிஸ் புஷ்பா. ஹைஃபாவில் பக்கத்து யூதக் கடைக்காரரோடு. அம்மா சொல்வார். நான் நம்பினதில்லை.” அறையில் உட்கார்ந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் பள்ளி விழாவில் கிரேட் ஒன் அந்தப் பாட்டைப் பாடியது. கேள்வியைப் பாடியவள் தமார், பதிலைக் கத்தியது மொத்த வகுப்பும். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். நல்ல நாட்களில் வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். அன்று அறைக்குப் போய் அக்காவுக்கு அழைத்தேன். டொரண்டோவில் காலை அவசரம் போலும், எடுக்கவில்லை.

அதற்கடுத்த கல்வி ஆண்டு தொடங்கிச் சில வாரங்களில் இஸ்ரேலிலும் காஸாவிலும் போர் வெடித்தது.

ஹாலா என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போகுமுன்பே கதிரையை விட்டு எழுந்துவிட்டார். “வாருங்கள், நடக்கலாம்.” திடலின் முதல் மூலையைத் தாண்டினோம். வெயில் கண்ணைக் குத்தியது.

“அந்தப் பாட்டு இப்போது வேண்டாம். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னென்னவோ எழுதுகிறார்கள். அது ஒரு காரணம்.” இரண்டாவது மூலையில் நின்றார். அவர் நடையை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். “என் அத்தை மகளும் அவள் பிள்ளைகளும் காஸாவில். நாலு நாளாகப் போன் எடுக்கவில்லை. அந்த மொழியைக் கேட்டால் என்னால் இந்தப் பள்ளியை நடத்த முடியாது. குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.”

“நம்புறன்” என்றேன். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்தார்.

சண்டைக்குள்ளிருந்து வந்தவள் நான். அவரோடு நான் வாதாடவில்லை. தமாரின் தாயையும் கேட்டடியில் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, வீங்கிய முகம். தன் தம்பியை ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

செல்வி எங்கள் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ஒருநாள் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

“டீச்சர், அந்தச் சுருட்ட முடிப் புள்ள பழயபடி ஆயிருச்சு. வாயே தொறக்குறதில்ல. அவங்கம்மா காலையில ஏத்திவிடயில ஒதட்டுல வெரல வச்சுக் காட்டிட்டுத்தான் போறாங்க. பாக்கவே பாவமா இருக்கு டீச்சர்.”

எனக்குக் கொழும்புப் பஸ் ஞாபகம் வந்தது. குண்டு வெடித்த வாரங்களில் வேலைக்குப் போகும்போது பஸ்ஸுக்குள் கால் வைக்குமுன் அக்கா சொல்வாள்: “இறங்குமட்டும் கதைக்காதை. தமிழ் வாயிலை வந்திடும்.” வளர்ந்த இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்து, ஊமைபோலக் கையைக் காட்டிக்கொண்டு போவோம். தரிப்பிடம் வந்தால் என் முழங்கையில் அவள் இடிப்பாள். அந்தப் பயணங்களைப் போலத் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை, பக்கத்தில் அக்கா இருந்தும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது என்னவாக இருக்கும்?

இசை வகுப்பில் உள்ளுக்குள் பாடும் பயிற்சி என்று ஒன்று உண்டு. நன்றாகத் தெரிந்த பாட்டை வாய் திறக்காமல் மனதுக்குள் பாட வேண்டும், சைகை மட்டும் வெளியே. நான் கை தட்டும்போது எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். தாளம் உள்ளே ஊறுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எந்தப் பாட்டுக்கும் செய்வோம். அந்த வாரம் நான் காலுறைப் பாட்டுக்குச் செய்தேன்.

சத்தமில்லாத வகுப்பு. ஏசி உறுமுவது மட்டும் கேட்கிறது. நான் தலையைத் தொட்டுப் புருவத்தை உயர்த்துகிறேன். இருபது தலைகள் இல்லை என்று ஆடுகின்றன. கை, இல்லை. காது, இல்லை. கால் என்றதும் இருபது கால்கள் ஒரே நேரத்தில் மேலே எழுகின்றன. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. தமார் ஒரு அசைவும் பிந்தவில்லை. கண்ணில் மட்டும் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. மர்யம் கேட்டாள், “மிஸ், இந்தப் பாட்டு ஏன் சத்தமாக வராது?” இது இப்போதைக்கு உள்ளே பாடும் பாட்டு என்றேன். ஒருநாள் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் ஹாலாவின் முகம் தெரிந்தது. பிள்ளைகள் காலைத் தூக்கி நிற்பதைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. நடக்கக் கூப்பிடவும் இல்லை.

அந்த டேர்ம் முடியுமுன் தமாரின் குடும்பம் துபாயை விட்டுப் போக முடிவு செய்தது. கடைசி நாள், தாய் அலுவலகத்தில் கடிதங்களுக்குக் காத்திருக்க, பிள்ளை தன் ஓவியப் பையோடு இசை அறைக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டாள். போட்டுவிடலாம் என்று அவள் முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்தேன். மூட்டு வலியோடு அப்படி உட்காருவது சாதாரண விஷயமில்லை. காலுறையைக் கையில் எடுத்ததும் பாட்டு தானாக வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திப் பாடினேன்.

“எய்ஃபோ ஹகெரெவ், அல் ஹரோஷ்?”

அவள் கதவைப் பார்த்தாள். உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“அல் ஹயாத்?”

திரும்பவும் தலை மட்டும். அறையில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தும் சத்தம் வரவில்லை. இப்படியே போய்விடப் போகிறாள், இனி எந்த ஊரில் எந்தப் பஸ்ஸில் எத்தனை காலம் இப்படி உட்காருவாளோ என்று எனக்கு அழுகை முட்டியது.

“அல் ஹஓசென்?”

கதவு திறந்தது. ஹாலா நின்றார், கையில் தமாரின் கோப்பு. நான் பாட்டைப் பாதியில் விட்டேன். பிள்ளை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஹாலாவின் முகம் அந்தச் சில வாரங்களில் மெலிந்திருந்தது. அத்தை மகளிடமிருந்து அழைப்பு வரவேயில்லை என்று பள்ளி முழுக்கத் தெரியும். அவர் எங்களைப் பார்த்தார், என் கையில் இருந்த காலுறையைப் பார்த்தார். பிறகு தன் காதை ஒரு விரலால் தொட்டார்.

“லா” என்றார்.

அரபில்தான் சொன்னார். களைத்த, சின்னக் குரல். கடைசி வரியை எப்படிப் பாடினேன் என்று தெரியாது.

“அல் ஹரேகெல்?”

தமார் ஹாலாவையே பார்த்தாள். ஹாலா பிள்ளையின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“கேன்!”

அந்த அறையில் அவ்வளவு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காலை என் மூக்கு வரைக்கும் தூக்கிவிட்டாள். ஹாலா கோப்பைக் கீபோர்டின் மேல் வைத்தார். “மிஸ் புஷ்பா, போகும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாலாவும் நானும் அதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் பேசவில்லை. எனக்கும் வயது வந்தது, விசா முடிந்தது, கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். தமார் இப்போது எங்கே படிக்கிறாள் என்று தெரியாது.

எழுதி முடித்துவிட்டு இன்று காலை பாட்டைப் பதிவு செய்தேன். கடல் காற்று விழாமல் யன்னலைச் சாத்திவிட்டு, போனை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பாடினேன். குரல் முதலில் கரகரத்தது, பிறகு வழிக்கு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, பழகிய அளவுக்கு நிறுத்தி, அடுத்த கேள்விக்குப் போனேன். காவ்யாவுக்கு அனுப்பினேன். ஒரு குறிப்பும் எழுதினேன்: முதலில் மெட்டு, பிறகு சைகை, கடைசியில்தான் சொல். அரபு பேசும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வை. கைகூப்ப விடாதே.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“சூப்பர் மிஸ்! ஆனா நடுநடுவுல சத்தமே இல்லீங்களே. ரெக்கார்டிங் கட் ஆயிடுச்சுங்களா?”

நானும் போட்டுக் கேட்டேன். கேள்வி. பிறகு சுவர் மணிக்கூட்டின் சத்தம். மறுபடி கேள்வி. மணிக்கூடு. குரல் செய்தியாகவே பதில் சொன்னேன்.

“கட் ஆகேல்லை பிள்ளை. அது பதில் சொல்லுற இடம். இஞ்ச சொல்ல ஆளில்லை.”